பாதத்தில் மயிரிழை முறிவு: புதிதாக ஓடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போலீஸ் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் போதும், அதுவரை ஓடியே பழகாத பிள்ளைகள் காலையும் மாலையும் தார் ரோட்டில் ஓடத் தொடங்கிவிடுவார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டுமே. ஒரு மாதம் ஆவதற்குள் அவர்களில் சிலர் நொண்டிக்கொண்டு எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்ட்களிடம் வருகிறார்கள். பலருக்கு இருப்பது மயிரிழை முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் பளுவால் எலும்பில் விடும் மெல்லிய விரிசல். போன தேர்வின்போது வந்தவர்கள் சொன்ன அதே கதையைத்தான் இவர்களும் சொல்கிறார்கள். தேய்ந்த ஷூ, வார்ம்-அப் இல்லாமல் ஓடுவது போன்றவற்றை எல்லாரும் சொல்லியாயிற்று என்பதால் விட்டுவிடுகிறேன்.

மூச்சு பழகியதும் தூரத்தைக் கூட்டுவது

இரண்டு மூன்று வாரத்தில் மூச்சிரைப்பு குறையும், தொடையில் பிடிப்பு போகும். எலும்பு அவ்வளவு சீக்கிரம் தயாராகாது. புதிய பளு வரும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, பிறகுதான் அங்கே புதிய எலும்பைக் கட்டும். தோண்டிப் போட்ட சாலையில் தார் போடுவதற்குள் லாரி ஓட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் அந்த இடைப்பட்ட வாரங்களில் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் பாத எலும்புக்கும் ஆகும்.

படைவீரர்களிடம்தான் இந்த முறிவு முதலில் தெரியவந்தது. நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் எழுதி வைத்தார். அது எலும்பு முறிவுதான் என்று உறுதியானது எக்ஸ்ரே வந்த பிறகு, 1897இல்.

சுளுக்கு என்று நினைத்து உருவி விடுவது

சுளுக்கு என்றால் கால் பிசகிய நேரத்தைச் சொல்ல முடியும். மயிரிழை முறிவில் அப்படி ஒரு நேரமே இருக்காது. முதலில் ஓடும்போது மட்டும் வலிக்கும், அப்புறம் நடக்கும்போது, முற்றினால் படுத்திருக்கும்போதும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விரலால் எலும்பின் மேல் தொட்டுக் காட்டுவார்கள். குதிகால் எலும்பாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தும்போது வலி தெரியும். இப்படி இருக்கும் காலை எண்ணெய் போட்டு உருவாதீர்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் மறுபடி ஓடுவது

இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ராணுவ ஆள்சேர்ப்புக்காக 1600 மீட்டர் ஓடிப் பழகிய ஒரு பையன். கணுக்காலுக்குச் சற்றுக் கீழே, புறங்காலில் வலி. ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, “நார்மல், தசைநார் இழுப்பு” என்று சொல்லி கிரேப் பேண்டேஜ் கட்டி அனுப்பினார்கள். பத்து நாள் ஓய்வில் வலி போனது. ஓடினான், திரும்ப வந்தது. வேறோர் இடத்தில் எடுத்த எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. இப்படியே மாதங்கள் ஓடின. என்னிடம் அழைத்து வந்த அவன் அம்மா, “எக்ஸ்ரேலயே ஒண்ணும் இல்லன்னுட்டாங்க சார், இவன்தான் ஓடப் பயப்படுறான்” என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

“தம்பி, பெருவிரலை மேலே தூக்கு” என்றேன். புறங்காலில் தசைநார் புடைத்தது. அதன் உட்பக்கத்தில், கணுக்கால் மடிப்புக்கும் பாத வளைவின் உச்சிக்கும் நடுவே, ஒரு ரூபாய் நாணயம் அளவே உள்ள இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அது நேவிகுலர் என்ற படகு வடிவ எலும்பு. அதன் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் விரிசல் விட்டால் தானாக ஒட்டுவது கடினம். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன்கள் எடுத்தபோது விரிசல் எலும்பின் குறுக்கே முழுதாக ஓடி, விலகவும் தொடங்கியிருந்தது. திருகாணி வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அவன் தேறி எழுவதற்குள் ஆள்சேர்ப்புக்கான வயது கடந்துவிட்டது. விலகும் முன் கண்டுபிடித்திருந்தால், பாதத்தைத் தரையில் ஊன்றாமல் 6 முதல் 8 வாரம் மாவுக்கட்டில் வைத்தே குணப்படுத்தப் பார்த்திருக்கலாம்.

மயிரிழை முறிவு முதல் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு ஒட்ட ஆரம்பித்துப் புது எலும்பு படிந்த பிறகுதான் நிழல் தெரியும். நேவிகுலரில் அதற்குப் பிறகும் தெரியாமல் போகலாம். ஆகவே விரல் வைத்தால் எலும்பில் வலிக்கிறது, ஒற்றைக்காலில் குதிக்க முடியவில்லை என்றால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் ஓட்டத்தை நிறுத்துங்கள். எந்த வாரத்தில் எவ்வளவு தூரம் கூட்டினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லி, எம்ஆர்ஐ தேவையா என்று நீங்களே கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம். விரல்களுக்குப் பின்னால் உள்ள நீள எலும்புகளில் வலி என்றால், முறிவு என்றே வைத்துக்கொண்டு ஓய்வு கொடுத்து, மூன்று வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பதும் ஒரு வழி.

சீனக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங்குக்கு இடது பாதத்தில் முறிந்ததும் இந்த நேவிகுலர் எலும்புதான். உலகத்தரமான மருத்துவம் கிடைத்தும், மறுபடி மறுபடி வந்த பாத, கணுக்கால் முறிவுகளால் 2011இல் ஓய்வு பெற்றார்.

எல்லா முறிவுக்கும் ஒரே வைத்தியம்

இரண்டாம், மூன்றாம் விரல்களின் நீள எலும்பு, குதிகால் எலும்பு ஆகியவை பெரும்பாலும் வாக்கிங் பூட் (பாதத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் உயரமான காலணி) அல்லது கெட்டியான அடிப்பாகமுள்ள ஷூவுடன் 4 முதல் 8 வாரத்தில் கூடிவிடும். நேவிகுலர், சுண்டுவிரல் நீள எலும்பின் அடிப்பகுதி, கணுக்காலின் உட்பக்கம் புடைத்திருக்கும் எலும்பு ஆகிய மூன்றையும் அப்படி விடக்கூடாது. உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது

வேண்டவே வேண்டாம்.

பெண் பிள்ளைகளிடம் மாதவிலக்கைப் பற்றிக் கேட்காமல் விடுவது

எடை குறைக்கிறேன் என்று சோற்றைக் குறைத்துக்கொண்டு ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால், எலும்பும் பலவீனமாகிறது என்று பொருள். வெட்கப்படாமல் கேளுங்கள். முறிவு ஒன்றுக்கு மேல் வந்திருந்தால் ஆணோ பெண்ணோ வைட்டமின் டி அளவையும் பார்த்துவிட வேண்டும்.

வலி நின்ற மறுநாளே பழைய வேகத்தில் ஓடுவது

சைக்கிள், நீச்சல் இரண்டையும் மருத்துவர் சம்மதித்ததும் ஆரம்பிக்கலாம். ஓட்டத்துக்கு அவசரம் வேண்டாம். அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க வேண்டும், விரலால் அழுத்தினாலும் வலிக்கக் கூடாது. பிறகு மண் தரையில், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், ஒரு நிமிடம் நடை. அதே இடத்தில் வலி எட்டிப் பார்த்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, வலி முழுக்கப் போனபின் அதற்கு முந்தைய வார அளவிலிருந்து தொடங்குங்கள்.