கடல்நீர்த் தொட்டி: எந்தக் கருவி எப்போது ஓட வேண்டும், நைட்ரேட் எவ்வளவு இருக்கலாம்?

சம்ப் (கருவிகளுக்காகக் கீழே தனியாக வைக்கும் சிறு தொட்டி) வைத்த கடல்நீர்த் தொட்டி புதிதாக வைத்திருப்பவர்களுக்கான பதிவு இது. கணக்குக்காக 200 லிட்டர் தொட்டி, ஒரு ஜோடி கிளவுன் மீன், இன்னும் இரண்டு சின்ன மீன்கள், கொஞ்சம் மென்பவளங்கள் என்று வைத்துக்கொள்வோம். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். புதுத் தொட்டியில் இதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை பொறுத்திருங்கள்.

கருவிகளுக்கு நேரம் குறிக்கும்போது பலர் கரண்ட் பில்லையும் சத்தத்தையும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது மீனுக்குச் சாப்பாடு போடும் நேரத்தை. தொட்டிக்குள் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வந்து சேர்வது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். அதனால் அந்த நேரத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அமைப்பதே எளிது.

படி 1: எவற்றை நிறுத்தக் கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ரிட்டர்ன் பம்ப் (சம்பு நீரை மேல் தொட்டிக்கு ஏற்றுவது), வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் தருவது), ஸ்கிம்மர் (காற்றுக் குமிழிகளால் அழுக்கை நுரையாகப் பிரித்துக் கப்பில் சேர்ப்பது) மூன்றும் 24 மணி நேரமும் ஓட வேண்டியவை. இவற்றில் ஸ்கிம்மரைத்தான் பலர் இரவில் சத்தம் என்று அணைத்துவிடுகிறார்கள். அது சரியில்லை. விளக்கு அணைந்தபின் பாசியும் பவளமும் ஆக்சிஜன் தயாரிப்பதை நிறுத்திவிடும், ஆனால் எல்லா உயிர்களும் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். கார்பன் டை ஆக்சைடு ஏறும், பிஎச் இறங்கும். நிறைய காற்றை நீரோடு கலக்கும் ஸ்கிம்மர் மிகவும் உதவுவது அந்த இரவு நேரத்தில்தான். நம் ஊர் வெயிலில் சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவாகத்தான் கரையும். சத்தம் தாங்கவில்லை என்றால் ஸ்கிம்மருக்கு அடியில் ரப்பர் பாய் போடுங்கள், காற்றுக் குழாயின் சைலன்சரைச் சுத்தம் செய்யுங்கள்.

யூவி (நுண்ணுயிர்களைக் கொல்லும் புற ஊதா விளக்கு) இருந்தால் அதுவும் ஓடிக்கொண்டே இருக்கலாம். பாட்டில் பாக்டீரியா ஊற்றும் நாளில் மட்டும் யூவியை ஓரிரு நாள் அணைத்து வையுங்கள். பாட்டிலில் சொல்லியிருந்தால் ஸ்கிம்மரையும்.

படி 2: சாப்பாட்டு நேர வரிசை

தொட்டி விளக்கு காலை 11 முதல் இரவு 8 வரை, சாப்பாடு மாலை 7 மணிக்கு என்று வைப்போம்.

7:00 – ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர், தானாக நீர் நிரப்பும் கருவி மூன்றையும் நிறுத்துங்கள். வேவ்மேக்கர் குறைந்த வேகத்தில் ஓடட்டும்.
7:15 – ரிட்டர்ன் பம்பை மட்டும் போடுங்கள்.
7:25 – ஸ்கிம்மரும் நீர் நிரப்பும் கருவியும்.

நடுவில் அந்தப் பத்து நிமிட இடைவெளி எதற்கு? ரிட்டர்ன் நின்றதும் மேல் தொட்டியிலிருந்து கொஞ்சம் நீர் சம்புக்கு இறங்கிவிடும். அப்போது ஸ்கிம்மர் வழக்கத்தைவிட ஆழத்தில் நிற்கிறது. அதை ஓடவிட்டால் நுரை கழுத்தைத் தாண்டி, கப் நிறைந்து, பல நாள் சேர்ந்த அழுக்கு திரும்பத் தொட்டிக்கே போகும். மாறாக, ரிட்டர்ன் மறுபடி ஓடத் தொடங்கியதும் மேல் தொட்டி நிரம்பும்வரை சம்பில் மட்டம் சற்று நேரம் தாழ்ந்து நிற்கும். நீர் நிரப்பும் கருவி அதை ஆவியான நீர் என்று நினைத்துத் தேவையில்லாமல் நல்ல நீரை ஊற்றும், உப்பளவு இறங்கும். இரண்டையும் ஒரே பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்குக்கு மட்டும் தாமதம் வைத்தால் வேலை முடிந்தது.

முதல் தடவை எல்லாவற்றையும் நிறுத்தி, சம்பில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த மட்டத்துக்கு மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். கரண்ட் போனாலும் அதே அளவுதான் ஏறும். விளிம்புக்கு மிக அருகில் வந்தால் சம்பின் வழக்கமான மட்டத்தைக் குறையுங்கள்.

சாப்பிட்டு முடித்தபின் சில மணி நேரம் ஸ்கிம்மரில் நுரையே வராது. உறைந்த உணவின் எண்ணெய் நுரையை உடைத்துவிடும். பதறிப்போய்த் திருகைத் திருப்பாதீர்கள், தானாகச் சரியாகும்.

டைமர் பற்றி ஒரு வார்த்தை. முள் சுற்றும் பழைய வகை டைமர், கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் அன்று முதல் உங்கள் அட்டவணை முழுக்க இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரோ ஸ்மார்ட் பிளக்கோ வாங்குங்கள். ஸ்மார்ட் பிளக்கில், கரண்ட் திரும்பியதும் பழைய நிலைக்கே வரும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். பலவற்றில் அதை மாற்றலாம், ஆனால் யாரும் தேடுவதில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது ரிட்டர்ன் அணைந்தே கிடந்தால் மாலைக்குள் சிக்கல்தான்.

படி 3: ரெஃப்யூஜியம் விளக்கை இரவில் போடுங்கள்

சம்பில் சேட்டோ என்ற பாசியை வளர்க்கும் பகுதிதான் ரெஃப்யூஜியம். அது இருந்தால் அதன் விளக்கு மேல் விளக்குக்கு நேர்மாறாக எரியட்டும். மேலே இருட்டும்போது கீழே பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால், பிஎச் இரவில் அவ்வளவு இறங்காது. இரவு 9 மணிக்கு எரியவிட்டு 6 மணி நேரத்தில் தொடங்குங்கள். நைட்ரேட் குறையவில்லை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 மணி நேரம் கூட்டலாம். இந்த மணி நேரக் கணக்கு உங்கள் கையில் இருக்கும் குழாய் மாதிரி, வேண்டியபடி திறக்கலாம், மூடலாம். பாசி இடத்தை அடைத்ததும் மூன்றில் ஒரு பங்கைப் பிய்த்து வெளியே எறியுங்கள். எறிந்தால்தான் அது உறிஞ்சிய சத்தும் தொட்டியை விட்டுப் போகும்.

கழிவை வடிகட்டும் பையான ஃபில்டர் சாக்கை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதற்குமேல் விட்டால் பிடித்த கழிவு அங்கேயே அழுகும். நீரைச் சுத்தம் செய்யும் கார்பன் போட்டிருந்தால் அதை மாதம் ஒருமுறை.

படி 4: அளந்து எழுதிவையுங்கள்

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், சாப்பாடு போடுவதற்கு முன். உப்பளவு 35 பிபிடி, அதாவது அடர்த்தி 1.026-ஐ ஒட்டி. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. பாஸ்பேட்டுக்கு, வண்ண அட்டையில் பூஜ்யத்துக்கு அடுத்து 0.25 என்று காட்டும் கிட் பயன்படாது. நமக்கு வேண்டிய எல்லை முழுவதும் அந்த முதல் கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. குறைந்த அளவைக் காட்டும் கிட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

நீர் மாற்றுவதை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. உங்கள் தொட்டியில் வாரம் 4 பிபிஎம் நைட்ரேட் சேர்கிறது, வாரம் 10 சதவீதம் நீர் மாற்றுகிறீர்கள். நைட்ரேட் ஏறி ஏறி 40-ல் போய் நிற்கும். ஏனென்றால் 40 இருக்கும்போதுதான் 10 சதவீதம் என்பது 4 ஆகிறது. அப்போதுதான் வரவும் செலவும் சமம். 20 சதவீதம் மாற்றினாலும் 20-ல் போய்த்தான் நிற்கும். சேர்வதைக் குறைப்பதுதான் முதல் வேலை. உறைந்த உணவை உருக்கி, சிறு வலையில் வடித்து, அந்தச் சாற்றைக் கொட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்னும் அளவே போடுங்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாகக் கரைந்த உப்பெல்லாம் நீக்கிய ஆர்.ஓ.டி.ஐ. நீர் மட்டும், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். போர் தண்ணீரோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் சேர்ந்தே வரும்.

படி 5: ஏறினால் என்ன, இறங்கினால் என்ன

நைட்ரேட் 20-ஐத் தாண்டினால் சாப்பாடு, சாக், ஸ்கிம்மர், ரெஃப்யூஜியம் என்ற வரிசையில் பாருங்கள். ஒன்றை மாற்றியபின் இரண்டு வாரம் காத்திருங்கள். வினிகர், வோட்கா ஊற்றி பாக்டீரியா வளர்க்கும் முறையும் உண்டு. அந்த பாக்டீரியா ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், அளவு தவறினால் ஒரே இரவில் மீன்கள் போய்விடும். முதல் வருடம் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

பாஸ்பேட்டைக் குறைக்க ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடுத் துகள்) போடுவதாக இருந்தால், பரிந்துரைத்த அளவில் பாதியில் தொடங்குங்கள். சட்டென்று இறக்கினால் பவளம் வெளிறும். சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல வெளியே விடும் என்பதால், இறங்கிய எண் மறுவாரம் ஏறுவது சகஜம். யாரோ பழைய தொட்டியில் வைத்திருந்த கல்லை மலிவாக வாங்குவதில் உள்ள சிக்கலும் இதுதான். மன்னார் வளைகுடாப் பவளக்கல் என்று யாராவது விற்றால் தொடவே வேண்டாம். நம் கடலில் பவளம் எடுப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம் என்று வந்தால் சிலர் கொண்டாடுவார்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. பவளம் பட்டினி கிடக்கும். பழுப்பு நிறத்தில், குமிழிகளோடு சளி போலத் தொங்கும் டைனோ (டைனோஃபிளஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) தலைகாட்டவும் அது வாய்ப்பான நேரம். ஜிஎஃப்ஓவை எடுத்துவிடுங்கள், ரெஃப்யூஜியம் விளக்கைப் பாதியாகக் குறையுங்கள், சாப்பாட்டைச் சற்றுக் கூட்டுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், தொட்டி விளக்கு எரியும் பகல் நேரத்தில் மட்டும் ஸ்கிம்மரைச் சில மணி நேரம் நிறுத்தலாம். அப்போது ஆக்சிஜனுக்குக் குறை இருக்காது. நைட்ரேட் 5-ஐத் தொட்டதும் ஸ்கிம்மரை மறுபடி முழு நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.