நெய் காய்ச்சுறவன் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவான்? ஒரு சாயங்காலம் நடத்திப் பாக்க வழி

எங்க ஊரு கிளப்ல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை எதாவது ஒரு விஷயத்தப் பத்திப் பேசிட்டு கடைசில ஓட்டெடுப்பு வெப்போம். ஒரு தடவை "குத்தவாளிக்கு தண்டனையக் கூட்டணுமா குறைக்கணுமா"ன்னு தலைப்பு. பத்தே நிமிஷம். முன்னால இருந்த பெரியவரு ஒருத்தரு கையத் தூக்கி "அவனுவள வெட்டணும்லே"ன்னாரு, எல்லாவனும் கையத் தூக்கிட்டானுவ, நானுந்தான் தூக்குனேன், அப்புறம் ரசவடையும் காப்பியும் குடிச்சிட்டு வீட்டுக்குப் போயாச்சு. ராத்திரி படுத்தப்போ ஒரு மாதிரி இருந்துச்சு, நான் எதுக்கு கை தூக்குனேன்னு எனக்கே தெரியல. அதுக்கப்புறம் வேற மாதிரி ஒண்ணு நடத்திப் பாத்தோம், பாதி ஓட்டெடுப்பு பாதி சமையல், கொள்ளாம்னு இருந்துச்சு. உங்க ஊரு வாசகசாலையிலயோ காலேஜ் ஹாஸ்டல்லயோ நடத்தணும்னா எப்படின்னு கேட்டாவ, அதான் எழுதுறேன்.

முதல்ல கேள்வி. இங்கதான் முக்காவாசிப் பேரு கோட்டை விடுறது. "கடுமையான தண்டனை வேணுமா"ன்னு கேட்டா வேணும்னுதான் சொல்லுவாவ, அது கேள்வியே கெடையாது மக்கா. நெசமா ஜனங்க ஓட்டுப் போட்ட ஒரு சட்டத்த எடுங்க. நம்ம நாட்டுல சட்டத்துக்கு நேரா ஓட்டுப் போடுற வழக்கம் இல்ல, எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் போடுறதோட சரி, ஆனா அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்துல அது உண்டு, சட்டத்தையே சீட்டுல அச்சடிச்சு ஆமாவா இல்லையான்னு கேப்பாவ. அங்க 1994-ல ஒரு சட்டம் வந்துச்சு, ஏற்கனவே ரெண்டு தடவை பெரிய குத்தத்துல மாட்டுனவன் மூணாவது தடவையும் மாட்டுனா கொறஞ்சது 25 வருஷம், அதுக்கு மேல ஆயுள் வரைக்கும். மூணாவது குத்தம் பெருசா இருக்கணும்னு இல்ல, அதுல ஒரு ஆளு கோல்ஃப் கடையில மூணு மட்டையக் கால்சட்டைக்குள்ள விட்டு நொண்டிக்கிட்டே வெளிய வந்தான், மட்டை ஒண்ணு 399 டாலர், 25 வருஷத்துலேர்ந்து ஆயுள்னு தீர்ப்பு, 2003-ல அவிய சுப்ரீம் கோர்ட்டும் அது சரிதான்னு சொல்லிட்டு. 2012-ல ஜனங்க முன்னால ஒரு கேள்வி வந்துச்சு, மூணாவது குத்தம் பெருசாவோ வன்முறையாவோ இருந்தாத்தான் ஆயுள்னு மாத்தலாமான்னு. சில விதிவிலக்கு வெச்சிருந்தாவ, அத விட்டுட்டுப் பாத்தா கேள்வி அவ்வளவுதான். முடிவு என்னாச்சுன்னு இப்ப சொல்லக்கூடாது, கூட்டத்துலயும் மூச்சு விடக்கூடாது.

இன்னொரு சீட்டுல நம்ம ஊரு விஷயம் வைங்க. 2024 ஜூலை 1-லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதான்னு புது குத்தவியல் சட்டம் வந்திருக்குல்லா, அதுல 5000 ரூவாய்க்குக் கீழ திருடுனவன், முதல் தடவையா மாட்டுனவன், சாமானத் திருப்பிக் குடுத்துட்டா ஜெயில் இல்ல, சமூக சேவைதான் தண்டனை, சம்பளம் இல்லாத வேலை. இது சரியா தப்பா? இந்தக் கேள்விக்குத்தான் எங்க ஊருல சூடு கூடுதல், ஏன்னா எல்லாவனுக்கும் தேங்கா திருட்டு நினைவுக்கு வந்துரும்.

ஓட்டு ரகசியமா இருக்கணும். கையத் தூக்கச் சொன்னா பெரியவரு மொகத்தப் பாத்துதான் தூக்குவாவ, அது எங்க அனுபவம். சின்னத் துண்டு பேப்பர், அதுல ஆமா இல்லன்னு எழுதி கீழ ஒரே ஒரு வரி ஏன்னு எழுதச் சொல்லுங்க. பேரு எழுத வேண்டாம், தனக்குத் தெரிய ஒரு அடையாளம் போட்டா போதும், பூவோ நண்டோ. ஒரு செருப்பு டப்பாவுல போட்டு மூடி டேப் ஒட்டிருங்க. எண்ணக் கூடாது, இது முதல் ஓட்டுதான்.

இனி அடுக்களை.

சுசீந்திரம் கோயிலத் தெரியாதவன் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இல்ல, ஆனா கைமுக்குன்னு கேட்டா இளவட்டத்துல பாதி பேருக்குத் தெரியல. நம்பூதிரி ஒருத்தரு மேல ஒழுக்கக் குத்தம் வந்தா அங்க கூட்டிட்டு வந்து கொதிக்கிற நெய்யில கைய முக்கச் சொல்லுவாவ, கை வெந்தா குத்தவாளி, வேகலன்னா சுத்தம். தல புராணத்துல இந்திரனும் கொதிக்கிற நெய்யில இறங்கித்தான் சுத்தமானான், சுசின்னா சுத்தம், ஊரு பேரே அதுதான். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்துல கைமுக்க நிறுத்துனாவ, அவரு ஆண்டது 1829-லேர்ந்து 1846 வரை, ரொம்பப் பழைய கதை ஒண்ணும் இல்ல. இதக் கேக்கும்போது எல்லாவனும் கைய முக்குறவனத்தான் நினைப்பான், இல்லன்னா தீர்ப்பு சொல்லுறவன. எனக்கு வேற ஒருத்தன் நினைப்பு வந்துச்சு. அந்த நெய்ய ஒருத்தன் காய்ச்சித்தான ஆகணும்? அவனா நீங்க இருக்கணும், அதான் இந்த சாயங்காலத்துக்கு வேஷம்.

ஆனா நேரா நெய்யில குதிச்சிராதீங்க, முதல்ல அந்தக் காலத்துச் சமையல்காரனா ஒரு மணிக்கூர் வேலை செய்யணும், இல்லன்னா நாடகம் மாதிரி ஆயிரும். நாங்க செஞ்சது, அடுக்களையிலேர்ந்து ஒவ்வொரு சாமானா வெளிய எடுத்து வெச்சோம். வத்தல், பச்சமிளகாய் போச்சு. தக்காளி போச்சு, உருளைக்கெழங்கு போச்சு, கொல்லாண்டி (முந்திரி) போச்சு, கைதச்சக்கை (அன்னாசி) போச்சு, இதெல்லாம் போர்ச்சுக்கீசுக்காரன் கப்பல் வந்த பெறவு வந்தது. மரச்சீனிய (மரவள்ளிக்கெழங்கு) எடுத்தப்போ ஒரு பையன் "மரச்சீனியும் மீனும் இல்லாம என்னத்துக்கு அண்ணே அந்தக் காலத்துல பொறக்கணும்"னான், நியாயம்தான், அது இங்க பரவுனது விசாகம் திருநாள் காலத்துல, 1880-க்கு மேல. மிச்சம் என்ன இருக்கு? அம்பாசமுத்திரத்துல வரகுணபாண்டியன் கல்வெட்டுல காயம்னு அஞ்சு சொல்லியிருக்கு, மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி. அப்புறம் தேங்கா, புளி, கருப்பட்டி, கறிவேப்பில. அது போதும். சேனையும் ஏத்தங்காயும் தடியங்காயும் (வெள்ளப் பூசணி) முருங்கைக்காயும் அரை அரைக் கிலோ வெட்டி மஞ்சளும் உப்பும் போட்டு வேக வைங்க, ஒரு முழுத் தேங்காயும் ரெண்டு ஸ்பூன் நல்லமிளகும் ஒரு ஸ்பூன் சீரகமும் அம்மியில அரைங்க, மிக்ஸி வேண்டாம், கை வலிச்சாத்தான் ஆளுக்குத் தெரியும். சேத்துக் கிளறி கறிவேப்பில போட்டு இறக்குனா கல்வெட்டுல சொல்லுற கறியமுது கிட்டத்தட்ட வந்துரும். நல்லமிளகு எரிவு நாக்குல ஏறாது, தொண்டையில போய் நிக்கும். அவியல்னு நினைச்சு சாப்பிட்டவன் எல்லாம் இருமுனான்.

தீப்பெட்டியும் வேண்டாம்னு சொன்னோம், அது இல்லாம தீ மூட்ட முடியல, பக்கத்து வீட்டு அக்காட்ட கனல் வாங்கிட்டு வந்தோம். மணிக்கு பதிலா நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம்.

இதுல ஒரு எடத்துல கூட்டம் நின்னு போச்சு. ஒரு அண்ணன் கத்திய வெச்சிட்டு "லேய், நான் எப்படிலே மடப்பள்ளிக்குள்ள நின்னு சமைக்க? எங்க தாத்தா 1936 வரைக்கும் கோயிலுக்குள்ளயே போக முடியாது"ன்னாரு. சரியான கேள்வி, அத மழுப்பக் கூடாது. நாங்க அவருட்டயே கேட்டோம், அப்போ நீங்க எங்க இருந்திருப்பீங்கன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சு "வெளிய வெறகு வெட்டிட்டு இருந்திருப்பேன்"ன்னாரு. அப்புறம் அவரே சொன்னாரு, "நான் வெறகு கொண்டு வரலன்னா உங்க நெய் கொதிக்காதுல்லா." அந்த சாயங்காலத்துல நான் கேட்டதுலயே நல்ல பேச்சு அதுதான். அதனால வேஷம் பிரிக்கும்போது எல்லாரையும் சமையல்காரனாக்காதீங்க, வெறகுக்கு ஒருத்தர், இலை கொண்டு வர ஒருத்தர், உருளி தேய்க்க ஒருத்தர்னு அவிய அவிய எடத்த அவியளே சொல்லட்டும்.

கோயில் வேண்டாம்னா பார்த்திவபுரம் சாலைய, அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்த, எடுக்கலாம், முஞ்சிறை பக்கத்துல, 866-ல ஆய் வம்சத்து ராஜா கருநந்தடக்கன் ஏற்படுத்துனது, 95 சட்டர், அதாவது மாணவங்க, தங்கிப் படிச்ச எடம். 95 பேருக்கு சோறு பொங்குற ஆளா நில்லுங்க, ஒருத்தன் சண்டை போட்டான், இன்னைக்கு அவனுக்கு சோறு போடாதேன்னு மேல இருந்து சொல்லுதாவன்னு வைங்க. அகப்பை உங்க கையில, பய இலையோட முன்னால நிக்கான். என்ன செய்வீங்க?

இப்ப நெய். குழந்தைங்கள தள்ளி நிறுத்துங்க, சின்ன உருளியில கால் லிட்டர் போதும், யாரும் கைய கிட்ட கொண்டு போகக் கூடாது, விளையாட்டுக்குக் கூட. லைட்ட அணைச்சிட்டு அடுப்பு வெளிச்சம் மட்டும். கொதும்பும் (தென்னம்பாளை) கதம்பையும் (தேங்கா மட்டை) வெச்சு எரிங்க. வெண்ணெயாத் தொடங்குனா இன்னும் நல்லது, முதல்ல சடசடன்னு சத்தம், வெள்ளையா நுரை, தண்ணி போற வரைக்கும் அந்தச் சத்தம் இருக்கும், அப்புறம் ஒரு நேரத்துல சட்டுன்னு அமைதியாயிரும். அந்த அமைதிதான் பயம். ஒரு முருங்கை இலையப் போட்டா சர்னு சுருண்டு மொறுமொறுன்னு ஆயிரும். அந்த நேரத்துல பைய ஒரு கேள்வி கேளுங்க, ஒண்ணே ஒண்ணு: வெறக உள்ள தள்ளுவீங்களா, வெளிய இழுப்பீங்களா?

பதில் கேக்கக் கூடாது, ரெண்டு நிமிஷம் சும்மா இருக்க விடுங்க. எங்க கூட்டத்துல யாரும் பேசல, உருளியத்தான் பாத்துட்டு இருந்தாவ. அப்புறம் அன்னைக்கு முதல்ல கையத் தூக்குன அந்தப் பெரியவரே குனிஞ்சு ஒரு கொதும்ப வெளிய இழுத்துப் போட்டாரு. ஏன் மாமான்னு கேட்டதுக்கு, "அவன் செஞ்சானா இல்லையான்னு எனக்குத் தெரியாதுல்லா மக்கா"ன்னாரு.

லைட்டப் போட்டுட்டு திரும்பக் கோல்ஃப் மட்டைக்கு வாங்க. 1994 சட்டத்த இப்ப எடுத்துப் பாத்தா, அது அடுப்புலேர்ந்து வெறக இழுக்குற கையக் கட்டிப் போட்ட சட்டம், மட்டை திருடுனவனுக்கும் ஆளக் குத்துனவனுக்கும் ஒரே சூடு. நம்ம 5000 ரூவாய் விதி கொஞ்சம் வெறக இழுக்க விடுது. அதே நேரத்துல எதிர்ப் பேச்சுக்கும் எடம் குடுங்க, எங்க கூட்டத்துல ஒரு கடைக்கார அக்கா "திருட்டுப் போனவளுக்கு யாரு தம்பி வெறக இழுப்பா"ன்னு கேட்டாவ, எனக்குப் பதில் இல்ல, அத அப்படியே விட்டோம். யாராவது "நம்ம ஊருக்கு இதெல்லாம் சரிப்படாது"ன்னா, 1944-ல திருவிதாங்கூர்ல தூக்கு தண்டனைய ஒழிச்சாவன்னு சொல்லுங்க, அப்போ நம்ம மாவட்டமும் அதுக்குள்ளதான், பெறவு இந்தியச் சட்டம் வந்தப்போ தூக்கும் கூட வந்துட்டு.

ரெண்டாவது ஓட்டு. அதே கேள்வி, அதே அடையாளம், புது சீட்டு. இப்பதான் டப்பாவப் பிரிச்சு ரெண்டு சீட்டையும் ஜோடி சேக்கணும். எத்தன பேரு மாறுனாங்கன்னு எண்ணுறதுல பெருசா ஒண்ணும் இல்ல, எங்களுக்கு மாறுனது மூணுதான். கீழ எழுதுன அந்த ஒரு வரிய சத்தமா வாசிங்க. முதல் சீட்டுல எல்லாம் "அப்பதான் பயம் இருக்கும்" மாதிரி இருந்துச்சு. ரெண்டாவதுல, ஓட்ட மாத்தாதவங்க கூட "முதல் தடவைன்னா", "சாமானக் குடுத்துட்டா", "யாரு சொன்னாங்கங்கிறதப் பொறுத்து"ன்னு எழுதியிருந்தாவ. பூ போட்ட ஒரு சீட்டு மட்டும் ரெண்டு தடவையும் "வெட்டணும்". அதுவும் ஒரு ஓட்டுதான், சிரிக்க விடாதீங்க.

இதெல்லாம் முடிஞ்ச பெறவு கலிஃபோர்னியா முடிவச் சொல்லுங்க. 2012-ல பத்துல ஏழு பேரு கிட்ட மாத்தலாம்னு போட்டாவ. அதே ஜனங்கதான் 1994-ல அந்தச் சட்டத்துக்கு ஆமா போட்டது, 2024-ல சில திருட்டுக்கும் போதைக் குத்தத்துக்கும் தண்டனையக் கூட்டவும் போட்டாவ. இது அரை மணிக்கூர் சண்டைக்கு உத்திரவாதம், அதனால கட்டங்காப்பி தயாரா இருக்கட்டும்.

அந்த நெய்ய வீணாக்க வேண்டாம், சோத்துல விட்டு கறியோட சாப்பிடலாம், நாங்க சாப்பிட்டோம், ரெண்டு பேரு வேண்டாம்னுட்டாவ. உருளி வாடகைக்கு எடுத்ததுன்னா அன்னைக்கு ராத்திரியே புளியும் சாம்பலும் போட்டு கதம்ப நாரால தேச்சு வெச்சிருங்க, அடியில கரி இருந்தா அடுத்த தடவை தரமாட்டாவ.