ஏழை வீட்டுக் குழந்தையின் குறைபாடு: எங்கெல்லாம் தவறுகிறோம்

வளைந்த பாதத்தோடு வசதியான வீட்டிலும் குழந்தை பிறக்கிறது, கூலி வீட்டிலும் பிறக்கிறது. ஐந்து வயதில் ஒன்று ஓடியாடுகிறது. இன்னொன்று பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடக்கிறது. சிகிச்சை ஒன்றுதான், அரசு மருத்துவமனையில் இலவசமும்கூட. வித்தியாசம் விழுவது சிகிச்சைக்கு வர வேண்டிய தேதிகளில். அந்தத் தேதிகள் தவறும்போது ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று மருத்துவ ஊழியர்களான நாம் எழுதி முடிப்பதுதான் முதல் தவறு.

வளைபாதத்தையே எடுத்துக்கொள்வோம். பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டு, பொதுவாக ஐந்து அல்லது ஆறு. பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் சிறு வெட்டு, அதன்மேல் மூன்று வாரத்துக்குக் கடைசிக் கட்டு. அதைப் பிரிக்கும்போது பாதம் நேராக இருக்கும். வீட்டாரும், சில சமயம் ஊழியர்களும், வேலை முடிந்ததாக நினைத்துவிடுவது அங்கேதான். ஆனால் அதற்கப்புறம் கம்பியில் பொருத்திய இரண்டு ஷூக்களை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், அதன்பின் நான்கு வயதுவரை தூங்கும் நேரமெல்லாம் போட வேண்டும். பாதம் மறுபடி வளைவதற்கு முக்கியக் காரணம் இதை நிறுத்துவதுதான்.

ஏன் நிறுத்துகிறார்கள்? ஷூ சின்னதாகிவிடுகிறது. குதிகாலில் கொப்புளம். எல்லோரும் படுக்கும் ஒற்றை அறையில் குழந்தை இரவெல்லாம் அழுகிறது, விடிந்தால் அப்பா வேலைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறை வரும்போதும் குதிகால் ஷூவின் அடியில் சரியாகப் படிந்திருக்கிறதா, விரல்கள் விளிம்பைத் தாண்டி மடிகின்றனவா என்று பாருங்கள். தாண்டும் வரை காத்திராமல் அடுத்த அளவைச் சொல்லி வையுங்கள். இன்னொரு தவறு, மாவுக்கட்டு மாற்றுவதற்கு முந்தின நாளே, குளிப்பாட்டுவதற்காக வீட்டில் அதைப் பிரிப்பது. கிடைத்த திருத்தம் அந்த ஒரு இரவிலேயே கொஞ்சம் பின்னுக்குப் போகும். விரல்கள் நீலமானாலோ வீங்கினாலோ மட்டும் வாரம் முடியக் காத்திராமல் அன்றே வர வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு இவ்வளவு அவகாசம்கூட இல்லை. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகச் சின்னக் குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கண் மருத்துவரிடம் காட்டவும்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் பலர் வரமாட்டார்கள். வெளியே கண் பளிச்சென்றுதான் இருக்கும், காட்டு என்றால் எதற்கென்று தோன்றும். தேதி, இடம், அறை எண் மூன்றையும் எழுதுங்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது, விழித்திரையின் ரத்தக்குழாய் முழுதும் வளர்ந்ததென்று மருத்துவர் சொல்லும் வரை போக வேண்டும். கருவிழி நடுவே வெள்ளை தெரிந்த பிறகு வந்தால் செய்வதற்கு அதிகமில்லை.

பேச்சு தாமதத்தில் ‘ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்’ என்பார்கள், நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள். வசம்பு தேய்க்கும் மாதங்களில் காது சோதிக்கப்படுவதில்லை. பிறந்த ஒரு மாதத்தில் சோதனை, மூன்று மாதத்தில் உறுதி, ஆறு மாதத்தில் காது கேட்கும் கருவி என்பதே கணக்கு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை உண்டு, ஆனால் அறுவையோடு நிற்கக் கூடாது. பேச்சுப் பயிற்சி இல்லாவிட்டால் கேட்கும் ஒலி மொழியாகாது. காதுக்கு வெளியே மாட்டும் கருவியின் ஒயரோ பேட்டரியோ கெட்டு, வாங்கப் பணமில்லாமல் அலமாரியில் கிடக்கும் கருவிகள் கொஞ்சநஞ்சமல்ல.

குழந்தைகளின் குறைபாடுகளைக் கண்டுபிடிக்க 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வரும். அன்று வராத குழந்தை யார் என்று பாருங்கள்: சூளைக்குப் போன குடும்பம், காய்ச்சலில் வீட்டில் கிடப்பது, நடக்க முடியாததால் சேர்க்கவே சேர்க்காதது. வந்தவர் பட்டியலை விட வராதவர் பட்டியலே முக்கியம்.

முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்க உதவும் ஃபோலிக் அமில மாத்திரையும் தேதியில்தான் தவறுகிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்ளும், பலருக்குக் கர்ப்பம் தெரிவதே அதற்குப் பிறகு. தினம் 400 மைக்ரோகிராம் முன்கூட்டியே தொடங்க வேண்டும். இதைச் சொல்லாமல் ‘சொந்தத்தில் கட்டியதால்’ என்று தாயைக் கூசவைப்பது வீண்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வந்த பிறகு பயிற்சி என்று காத்திருக்காதீர்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அது தேவையில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும், சிறு குழந்தைக்குத் தற்காலிகச் சான்றுதான் கிடைக்கும், அதன் காலாவதி நாளைக் குறித்து வையுங்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கான நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும். புதுப்பிக்காவிட்டால் பிசியோதெரபி பில் கையில் இருந்தும் பணம் வராது.

செலவென்றால் மருந்துச் செலவு மட்டும் பார்ப்பதும் தவறே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையும் அம்மாவின் கூலி முதலில் போகிறது, குடும்பம் ஒற்றைச் சம்பளத்துக்கு இறங்குகிறது, அடுத்த பிள்ளையின் சாப்பாடும் சுருங்குகிறது. அதனால் முதல் சந்திப்பிலேயே எந்த பஸ், எத்தனை மணி நேரம், எந்த நாளில் வேலை என்று கேளுங்கள். பிசியோவும் காது சோதனையும் ஒரே நாளில் வரும்படி போடுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கும் கட்டணமில்லை என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் செய்யும் பயிற்சி இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். அதையும் துணி மாற்றும்போதும் குளிப்பாட்டும்போதும் செய்யும்படி காட்டிக்கொடுங்கள்.