பாலக் கீரை: மண் கடிபடாமல், பச்சை மங்காமல்

எப்போது பாலக் சமைத்தாலும் ஒரு வாயிலாவது நறநறவென்று மண் கடிபடும். மூன்று தண்ணீர் அலசியும் இதே கதை. கோளாறு நான் தண்ணீரை வடித்த விதத்தில்தான் இருந்தது.

ஆய்வது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பழுத்த இலை, முற்றிய காம்பு இரண்டையும் நீக்குங்கள். இளங்காம்பு இருக்கட்டும்.

அலசும்போது கீரையைத் தண்ணீரில் ஆட்டிவிட்டு, பாத்திரத்தோடு வடிகட்டியில் கவிழ்ப்பேன். அடியில் தங்கியிருந்த மண்ணெல்லாம் மறுபடியும் கீரையின் தலையிலேயே கொட்டும்! இப்போது பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கீரையை அமுக்கிக் கலக்கி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டுவிடுகிறேன். மண் கீழே இறங்கிவிடும். அப்புறம் கீரையை மட்டும் மேலாகக் கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பழைய பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். நறநறப்பு இருந்தால் இன்னொரு முறை. நறுக்குவது அலசி முடித்த பிறகுதான். முன்பே நறுக்கினால் வைட்டமின் சியும் ஃபோலேட்டும் தண்ணீரோடு போகும்.

சரி, அடுப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் உப்பு போட்டு, கீரையை ஒரு நிமிடம் மட்டும் முக்கி எடுங்கள். மூடி வேண்டாம். கீரையிலிருந்து ஆவியாக வரும் அமிலம் மூடிக்குள் தங்கினால் பச்சை மங்கும். எடுத்தவுடன் ஐஸ் தண்ணீரில் போட்டு, ஆறியதும் பிழியுங்கள். நூறு கிராம் பாலக்கில் 91 கிராம் தண்ணீர்தான், அதனால் கூடை நிறைய இருந்தது ஒரு கைப்பிடி உருண்டையாகிவிடும். பயப்படாதீர்கள். பிழிய என் கையைவிட நல்ல கருவி கிடைக்கவில்லை. மிக்ஸியில் அரைத்தால் கூழ், எனக்குப் பிடிக்காது. பூண்டோடு எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கினால் போதும்.

கீரை வெந்த தண்ணீரைக் கொட்டாதே என்பார்கள். பாலக்குக்கு மட்டும் நான் கொட்டிவிடுவேன். இதில் ஆக்சலேட் என்ற இயற்கையான பொருள் அதிகம், சாப்பிட்டதும் பல் கூசுவதுபோல் இருப்பது அதனால்தான். கொதிநீரில் அதில் ஒரு பகுதி இறங்கிவிடும். நூறு கிராமில் சுமார் 99 மில்லிகிராம் கால்சியம் இருந்தும், ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்வதால் உடலுக்குச் சேர்வது கொஞ்சம்தான். இரும்புச்சத்து 2.7 மில்லிகிராம், அதுவும் எளிதில் சேராது. எலுமிச்சைச் சாறு சேர்த்தால் உதவும். பாலக்கின் உண்மையான பலம் வைட்டமின் கே, ஃபோலேட், பீட்டா கரோட்டின், கண்ணுக்கு வேண்டிய லூட்டீன். பின்னவை இரண்டும் கொழுப்போடுதான் உடலில் சேரும், எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் நிறம் பழுப்பாகிவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால், எலுமிச்சையை வாணலியிலேயே பிழிந்திருக்கிறார்கள். சூட்டில் புளிப்பு பட்டால் பச்சையத்திலுள்ள மக்னீசியம் கழன்றுவிடும், நிறமும் கூடவே போகும். தட்டில் போட்ட பிறகு பிழியுங்கள்.

இன்னொன்று: சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும்.