கடைசி மரத்துக்குத் தண்ணீர் சொட்டவில்லையா?

எங்கள் தென்னந்தோப்பில் சொட்டுநீர்ப் பாசனம். போன கோடையில் வரிசையின் முதல் மரத்தடி சேறாகக் கிடந்தது, கடைசி நாலு மரம் வாடியது. தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பர்தான் கெட்டது என்று புதிதாக வாங்கி மாற்றினேன். பத்தே நாளில் மறுபடி அதே நிலை. நீங்கள் எதையும் வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்.

1. மணிக்கு 8 லிட்டர் விடும் டிரிப்பர் 3 நிமிடத்தில் 400 மில்லி தர வேண்டும். லேட்டரலின், அதாவது டிரிப்பர்கள் மாட்டிய கிளைக்குழாயின், தலைப்பு, நடு, கடைசி மூன்றிலும் பாட்டில் வைத்துப் பிடியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் உப்பு அடைப்பு. சீராகக் குறைந்துகொண்டே போனால் அழுத்தம் போதவில்லை. ஒரே நேரத்தில் திறக்கும் வால்வுகளைக் குறையுங்கள். கடைசிச் சிலவற்றில் மட்டும் சட்டென்று குறைந்தால் வண்டல். எனக்கு இதுதான்.

2. பில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தம் காட்டும் கேஜில் அரைக் கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) வித்தியாசம் வந்தால் பில்டரைக் கழுவுங்கள். வளையத் தட்டுகள் அடுக்கிய டிஸ்க் பில்டரைத்தான் நான் சொல்வேன். ஸ்கிரீன் பில்டரில் வலை கிழிந்தால் வெளியே தெரியாது, மண் நேராக உள்ளே போய்விடும்.

3. நான் தடுக்கி விழுந்த இடம் இது. எல்லா லேட்டரலின் எண்ட் கேப்பையும் (கடைசி மூடி) ஒரே நேரத்தில் கழற்றிவிட்டேன். தண்ணீர் வந்தது, வேகம் இல்லை. வண்டல் அசையவே இல்லை. முதலில் லேட்டரல்களுக்குத் தண்ணீர் தரும் சப்மெயின் குழாயின் பிளஷ் வால்வைத் (கழுவிவிடும் வால்வு) திறந்து கழுவுங்கள். பிறகு ஒரு தடவைக்கு நாலைந்து லேட்டரல் மட்டும். எங்களுக்குச் செம்மண் குழம்பாகக் கொட்டியது. தெளிந்த தண்ணீர் வரும்வரை மூடாதீர்கள்.

4. டிரிப்பர் வாயில் வெள்ளைப் படிவு இருந்தால் ஊசியால் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் வழி. ஒரு வாளித் தண்ணீரில் சிறிது சிறிதாக விட்டு, பி.எச். தாளில் 4 காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே விகிதத்தில் வென்சுரி (பாசனத் தண்ணீரில் மருந்தை உறிஞ்சிக் கலக்கும் கருவி) வழியாக ஏற்றி, குழாய்க்குள்ளேயே 24 மணி நேரம் நிறுத்திவைத்துப் பிறகு மேலே சொன்னபடி கழுவுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யவே கூடாது. பிளீச்சிங் பவுடர் பக்கத்தில்கூட வேண்டாம், விஷவாயு கிளம்பும்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் பள்ளத்து மரங்களுக்கே அதிகம் போகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கூடும். அவருக்கு அழுத்தம் சீராக்கும் பி.சி. டிரிப்பர்தான் சரி. புதிதாகக் குழாய் போடுகிறவர்கள் லேட்டரலைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள்.