கன்று நடுவதற்கு முன் ஒரு வாரம் பூங்காவில் உட்காருங்கள்

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். வடசென்னையில் நிறையப் பூங்காக்களில் அன்றைக்குத்தான் குழி தோண்டி, கன்று வைத்து, படம் எடுத்துக்கொள்கிறார்கள். கத்திரி வெயில் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. நம் ஊருக்கு நிலத்தை நனைக்கிற மழை வடகிழக்குப் பருவமழை. அது அக்டோபர் பாதிக்கு மேல்தான் வரும். நடுவில் நான்கு மாதம் அந்தக் கன்று எதைக் குடிக்கும்? புரட்டாசிக் கடைசியில் நட்டுப் பாருங்கள், பாதி வேலையை மழையே செய்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வியாசர்பாடிப் பக்கம் ஒரு சின்னப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகப் போய் வேப்பங்கன்றுகள் நட்டோம். இரண்டு மாதம் கழித்துப் போனால் முக்கால்வாசி காய்ந்து கிடந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். நாற்றங்கால் கறுப்புப் பை அப்படியே இருந்தது. வெளியே போக வழியில்லாமல் வேர் பைக்குள்ளேயே சுருண்டு, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. பையைக் கிழித்து எடுத்துவிட்டு நட வேண்டும் என்று வந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. இன்னொரு குழியில் அரை அடிக்குக் கீழே முழுக்கச் செங்கல் ஜல்லி. நகரத்துப் பூங்கா மண்ணுக்கு அடியில் பழைய கட்டிட இடிபாடு கிடப்பது சாதாரணம். இரண்டடி தோண்டி, இடிபாட்டை எடுத்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய எருவும் போட்ட பிறகே கன்று.

அன்றைக்குப் பூங்காவைக் கூட்டும் அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “செடி வெச்சிட்டீங்க, சரி. தண்ணி யாருப்பா ஊத்துறது? குழாய்ச் சாவி யாருகிட்ட இருக்குன்னு கேட்டீங்களா?” கேட்கவில்லை. அதுதான் எல்லாத் தவறுகளுக்கும் வேர் என்று நினைக்கிறேன். ஒரு இடத்தைச் சீர்படுத்தப் போகிறவர்கள், அங்கே ஏற்கெனவே இருப்பவர்களிடம் பேசுவதில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எந்த விளக்கு எரிவதில்லை, பெண்கள் எத்தனை மணிக்கு மேல் வருவதில்லை என்று தெரிந்துவிடும்.

முக்கியமாக, பையன்கள் எங்கே பந்து விளையாடுகிறார்கள் என்று பாருங்கள். வியாசர்பாடியில் கால்பந்து விளையாட்டு மட்டுமில்லை, பிள்ளைகளைத் தெருவில் தறிகெட்டுப் போகாமல் பிடித்து வைத்திருக்கும் கயிறு. அவர்கள் ஆடும் மண்தரையில் புல் விரித்து, கம்பி வேலி போட்டு, ‘விளையாடக் கூடாது’ என்று பலகை வைத்தால் அந்தப் பூங்காவுக்குக் காவல் இல்லாமல் போய்விடும். அதே பையன்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கன்றை ஒப்படையுங்கள். மாலையில் ஆட வரும்போது அவர்களே ஒரு குடம் ஊற்றுவார்கள்.

அப்புறம் மர வகை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது குல்மோகரும் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தோம். சீக்கிரம் வளர்கிறதே என்று அதையே திரும்ப வைக்காதீர்கள். கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரம் வேண்டவே வேண்டாம், தமிழ்நாடு அரசே 2025-இல் அதை நடத் தடை போட்டுவிட்டது. வேம்பு, புங்கன், நாவல், மகிழம் வையுங்கள். திருவொற்றியூர், எண்ணூர் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற இடத்துக்குப் பூவரசும் புன்னையும் தாங்கும். மின்கம்பிக்கு நேர் கீழே மட்டும் உயர்ந்து வளரும் மரம் கூடாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் கிளையை வெட்டி மொட்டையாக்குவார்கள்.

நடைபாதைக் கல்லை அடிமரம் வரை பதிப்பதும் தவறு. சுற்றி மூன்றடியாவது வெறும் மண்ணாக இருக்கட்டும். உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் அந்த மண்மேலேயே மூடாக்காகப் போடுங்கள்.

ஏரிக்கும் கழிமுகத்துக்கும் கணக்கே வேறு. ரெட்டேரி மாதிரி இடத்தில் ஆகாயத்தாமரையை வாரிக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும். அள்ளியதை அன்றே வண்டியில் ஏற்ற ஏற்பாடு வேண்டும். கழிவுநீர் கலக்கும் வாயை அடைக்காதவரை அது மறுபடி வரத்தான் செய்யும். கரையோரக் கோரையையும் சம்பையும் ‘குப்பை’ என்று மழிக்காதீர்கள், நீர்க்கோழி அதில்தான் கூடு கட்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் வெறும் சேற்றுத் திட்டைப் பார்த்ததும் அலையாத்தி நட ஆசை வரும். ஆனால் அந்தச் சேறுதான் கடற்கரைப் பறவைகளுக்கு இரை கிடைக்கும் இடம். இருளர்கள் கையால் தடவி இறால் பிடிப்பதும் அந்தப் பக்கத்தில்தான். எங்கே நடலாம், எங்கே கூடாது என்று அவர்களையும் மீனவர்களையும் கேட்காமல் ஒரு கன்றும் ஊன்றக் கூடாது.

யாருடைய நிலம் என்று தெரியாமல் கடப்பாரையைத் தூக்காதீர்கள். பூங்கா மாநகராட்சியுடையது, ஏரி பெரும்பாலும் நீர்வளத்துறையுடையது. அடியில் மின்சாரப் புதைவடமும் குடிநீர்க் குழாயும் போகும். மண்டல அலுவலகத்தில் எழுத்தாக அனுமதி வாங்குங்கள், விளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குச் சொல்லுங்கள். பெரிய வேலை என்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். உங்கள் வார்டு பகுதி சபைக் கூட்டத்தில் இதை எழுப்பலாம்.

கடைசியாக, கன்றைச் சுற்றிப் போடும் காவல் கூண்டு. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களின் முறைப்பட்டியலை எழுதி ஒட்டும்போதே, கூண்டைக் கழற்றும் பொறுப்பு யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். எங்கள் நடவில் பிழைத்த வேம்புகளில் ஒன்றின் பட்டைக்குள் இரும்புக் கம்பி இரண்டு விரற்கடை புதைந்துவிட்டது. போன மாதம் கம்பியை ரம்பத்தால் அறுத்து, முடிந்தவரை எடுத்தோம். காயத்தின் ஓரத்தில் புதுப் பட்டை மூட ஆரம்பித்திருக்கிறது.