குட்டி லேப்டாப்பில் சுத்தமான பாட்டு

பாட்டு கேட்க மட்டும்தான் என்றால் பெரிய லேப்டாப் தேவையே இல்லை. 2 ஜிபி ரேம் உள்ள பழைய குட்டி லேப்டாப்பே தாராளம். ஆனால் அதன் ஹெட்போன் துளையிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் மின் இரைச்சலும் சேர்ந்து வரும். சில லேப்டாப்களில் மௌஸை நகர்த்தினால்கூட மெல்லிசாக 'கிர்ர்' என்று கேட்கும். இடையில் யுஎஸ்பி டாக் (DAC) என்ற ஒரு சின்னக் கருவியைப் போடுங்கள். டிஜிட்டலை ஒலியாக மாற்றும் வேலை லேப்டாப்புக்கு வெளியே போய்விடும். காசு செலவழிப்பதென்றால் முதலில் இதற்குத்தான்.

அப்புறம், விண்டோஸ் எல்லா ஒலியையும் தன் மிக்ஸர் வழியாக, ஒரே சாம்பிள் ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற கணக்கு) மாற்றித்தான் அனுப்பும். ஃபூபார்2000 பிளேயரின் அவுட்புட் பட்டியலில், டாக்கின் பெயரோடு 'எக்ஸ்க்ளூசிவ்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மிக்ஸரைத் தாண்டி, சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மாறாமல் டாக்குக்குப் போகும். பிளேயரின் வால்யூம் முழுசாக இருக்கட்டும். கூட்டிக் குறைப்பதை ஆம்ப்ளிஃபயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிடிகளை ஃப்ளாக் (FLAC) என்ற, ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃபைல்களாக லேப்டாப்பில் ஏற்றினால் தரம் குறையாது, இடமும் மிச்சம்.

இவ்வளவு செய்தும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். எனக்கு அந்த நொடியே நின்றுவிட்டது.